டிவியில் விழுந்த அடி

“உங்க அண்ணன் இந்த அடி அடிக்கிறானே, உனக்கு வலிக்காதா கண்ணு?” என்று பக்கத்து வீட்டு மங்கம்மா ஒருமுறை மோகனப்ரியாவிடம் கேட்டாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அடியின் தடம் அவள் உடம்பில் விழுவதில்லை. மாலை ஆறு மணிக்கு ஓசூர் கேபிள் டிவியில் அவள் நேயர் விருப்பப் பாட்டு போடும்போது, வீட்டுக்கு வீடு தெரியும் அவள் முகத்தில்தான் விழுந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அண்ணன் அழகர்சாமிக்கு சிப்காட்டில் வேலை. 2004இல் கேபிள்காரர் திம்மராயன் மோகனப்ரியாவை மைக் முன்னால் உட்காரவைத்த மறுநாளே கம்பெனி பஸ்ஸில் ஒருவன், “மச்சான், நேத்து உன் தங்கச்சி எனக்குப் பாட்டு போட்டுச்சு” என்றான். அன்றுதான் அழகர்சாமி முதல்முறையாகப் பெல்ட்டைக் கழற்றினான். இனி டிவியில் முகம் காட்டக் கூடாது என்று பெல்ட்டின் இரும்புப் பக்கிளாலேயே அடித்தான். அவள் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. ஜூஜுவாடி வரைக்கும் இருந்த டிவிகளிலெல்லாம் அவளுடைய இடது கண் வீங்கி மூடியிருந்தது. ஜனங்கள் டிவியின் தலையில் தட்டிப் பார்த்தார்கள், மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். உதடு கிழிந்த நாளில் ரத்தம் கண்ணாடியில் வழிந்து ஸ்டாண்டில் சொட்டியது. அதன்பிறகு ஆறு மணிக்கு முன் ஒரு பழைய துணியை நனைத்து வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் வழக்கமாயிற்று.

போன் ஓயவில்லை. பாகலூரிலிருந்து பேசிய ஒருத்தி, “இன்னிக்குப் பல்லு போயிருச்சா கண்ணு? சிரி, பாக்கலாம்” என்றாள். மோகனப்ரியா சிரித்தாள். தக்காளி மண்டிக்காரர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். பஸ்ஸில் இப்போது, “நேத்து கையா, பெல்ட்டா மச்சான்?” என்று கேட்டார்கள். அழகர்சாமி அடிப்பதை விட்டுவிட்டான். சில வாரங்களில் டிவியில் காயமெல்லாம் ஆறியது. போனும் நின்றது.

“பளிச்சுனு இருக்கற மொகம் தெருவுக்கு நாலு இருக்குதும்மா” என்றார் திம்மராயன்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எதிரில் நின்று, கம்பெனி பஸ்ஸில் அவனைக் கேலி செய்வதாகத் தெருவில் கேள்விப்பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள் மோகனப்ரியா. “ஆம்பளையா இருந்தா அடிண்ணே.” சோற்றுக் கையாலேயே அடித்தான். மறுநாள் டிவியில் அவள் மூக்கு உடைந்திருந்தது. கன்னத்தில் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

மாம்பழ சீசனில் சென்னையிலிருந்து ஒரு பெரிய சேனல்காரர் காரில் வந்தார். தமிழ்நாடு முழுக்கத் தெரியும் நிகழ்ச்சி, தினமும். “அண்ணனும் கூட வரணும்மா. தனி ரூம், சாப்பாடு எல்லாம் உண்டு. அவர் இல்லாம உன்னை மட்டும் வெச்சு நாங்க என்ன பண்றது?” என்றார். அம்மா பார்வதி துணிகளோடு பெல்ட்டையும் சுருட்டிப் பையில் வைத்தாள்.

“வாண்ணே” என்றாள் மோகனப்ரியா. “உன் கையாலதான் நான் மேல வரணும். இன்னும் ஓங்கி அடி, தாங்கிக்கிருவேன்.”

ஆறு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பக்கத்து வீட்டில் மங்கம்மா துணியை நனைத்துப் பிழியும் சத்தம் கேட்டது. அழகர்சாமி பையைத் திறந்து பெல்ட்டை எடுத்தான். மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். அவன் அதைத் தன் இடுப்பில் கட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.