பாமா புளிக்க வைத்த மாவு

சாம்பாரைத் தொட்டியில் கொட்டிவிட்டு ஷங்கரின் அக்கா பால் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். சாவு நேர்ந்த வீட்டில் சமைத்ததும் பிடித்து வைத்த தண்ணீரும் இருக்கக் கூடாது. தயிர், நேற்றைய ரசம், குடத்துத் தண்ணீர் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கூடத்தில் பாமாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷங்கர் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். மனைவி காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று. இப்போது யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியாக, மேடை மூலையிலிருந்த கண்ணாடி ஜாடியை அக்கா எடுத்தாள். மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னடா இது, கெட்டே போயிருக்கு.”

“அது அப்படித்தான் இருக்கும்.”

சனிக்கிழமைதோறும் இருவரும் வெளியே சாப்பிடப் போவார்கள். வண்டி ஓட்டுவது அவர் வேலை, ருசி பார்ப்பது பாமாவின் வேலை. ஒரு வாரம் ஆந்திரா சாப்பாடு, ஒரு வாரம் திபெத்தியர் கடை மோமோ. மறுநாள் அதே பண்டம் வீட்டு அடுப்பில் ஏறும். கம்மனஹள்ளியில் எத்தியோப்பியாக்காரர் ஒருவர் நடத்தும் ஹோட்டலில், பஞ்சு மாதிரிப் பெரிய புளிப்பு அடையின் மேல் பருப்பும் கீரையும் வைத்துத் தந்தார்கள். பாமா ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

“நம்மாத்துப் புளிச்ச தோசைதான். திருப்பிப் போட மறந்துட்டான்.”

அந்த ஊர்த் தானியம் கிடைக்காமல் ராகி மாவைக் கரைத்து ஜாடியில் வைத்தாள். தினமும் காப்பிக்குப் பிறகு அதற்குப் புது மாவும் தண்ணீரும் விடுவாள். முதலில் வார்த்தவை ஈரத்துணி மாதிரி வந்தன. ஷங்கர் தின்றுவிட்டுப் பரவாயில்லை என்றார். அந்தப் பரவாயில்லைக்காகவே மழைக்காலம் முழுவதும் அவள் விடவில்லை. போன ஞாயிறுதான் முதன்முதலாக அடை முழுக்கக் கண் கண்ணாகத் துளை விழுந்தது. அடுத்த வாரம் இன்னும் நன்றாக வரும் என்றாள்.

அக்கா ஜாடியைச் சாய்க்கப் போனாள்.

“அதை விட்டுடு அக்கா.”

“அடுப்புல ஏத்தினதா, ஏத்தாததா? பண்ணின பண்டம்னா வச்சுக்க முடியாது.”

“ஏத்தல.”

“தண்ணி விட்டுக் கரைச்சிருக்காளே.”

அவருக்கு வாதாடத் தெம்பில்லை. கூடத்தில் யாரோ வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மகள் ஸ்ரீரஞ்சனி அப்பாவைக் கூப்பிட உள்ளே வந்தவள், அத்தையின் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தாள்.

“கொட்டாதீங்கோ அத்தை. அது உயிரோட இருக்கு.”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா மூடியைத் தேடி எடுத்து ஜாடியை மூடினாள், இறுக்காமல். பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் அதைக் கொண்டு வைத்துவிட்டு வந்து, “நாழியாறது, கிளம்புங்கோ,” என்றாள்.

மின்மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது வீடு கழுவப்பட்டிருந்தது. கீழ்வீட்டுக் கன்னடக்காரர்கள் சோறும் சாறும் அனுப்பியிருந்தார்கள். சுடச்சுட இருந்தது. எல்லோரும் பிசைந்து விழுங்கினார்கள்.

ஷங்கர் பால்கனிக்குப் போனார். மாவு அடங்கிக் கிடந்தது. மேலே கறுத்த நீர் தெளிந்து நின்றது. ராகி டப்பாவை எடுத்து வந்தார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார். அவள் எவ்வளவு போடுவாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு பிடி போட்டார். யோசித்துவிட்டு இன்னும் அரைப் பிடி.

அக்கா சொம்போடு பின்னால் வந்து நின்றாள்.

“தண்ணி எவ்வளவுடா விடுவா?”

அவர் ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“சரி, நான் விடறேன். போதும்னா சொல்லு.”

சொம்பைச் சாய்த்தாள். நூலாக இறங்கிய நீரில் மாவு மெல்ல நனைந்து நிறம் மாறியது. அக்கா ஜாடியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.