நாலு மூலை இங்கிலீஷ்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் "சங்கு எங்கே?" என்று கேட்டால் ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கை யாரும் காட்டமாட்டார்கள். அவளைத்தான் காட்டுவார்கள். பதினாறு வருஷம் உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி ஏறிப்போன தொண்டை. வீட்டில் "உப்பு எடு" என்று மகளிடம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள்.

தொண்டை அப்படியே இருந்தது. தோள்தான் போய்விட்டது. நனைந்த விரிப்புகளை இயந்திரத்திலிருந்து வாரி எடுத்துத் தள்ளுவண்டியில் போடுவது காலையில் அவள் வேலை. காய்ந்தால் காற்றில் பறக்கிற துணி, நனைந்தால் பிணக்கனம் கனக்கும். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆறு மாதம் ஆயிற்று. தலை சீவ இடது கையைப் பழக்கிக்கொண்டாள். "பாரம் தூக்கக்கூடாது" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாரம் தூக்காதவளுக்கு அங்கே வேலை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய இயந்திரங்கள் வரப்போகிற செய்தி வந்தது. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட வருகிற மெக்கானிக்குக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியாதாம். அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்களை வேலை வாங்க ஒரு லீடர் வேண்டும். லீடர் பாரம் தூக்க வேண்டாம். அடிப்படை இங்கிலீஷில் வாய்மொழித் தேர்வு, ஒரே தடவைதான், கூடத்தில் யாரும் தேறாவிட்டால் ஆபீசிலிருந்து ஆள் வரும் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார்.

"நான் பேர் குடுக்கப்போறேன்," என்றாள் சங்கு.

அவள் நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புருஷனின் தங்கை அவள். பத்தாவது வரை படித்தவள். ஒரே வீடு, ஒரே ஷிஃப்ட்.

"அண்ணி, உங்களுக்கு ஏபிசிடி தெரியுமா?"

"பாதி தெரியும்."

"எந்தப் பாதி?"

"அது அன்னன்னிக்கு மாறும்டி."

சிரித்தாளே தவிர, மறுநாளே பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் பாடப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தவள் நாத்தனார்தான். படிக்க நேரம் ஏது? வீட்டில் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும். ஆகவே மடிப்பு வேலையில் படித்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவருக்கும் மடிப்பு. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, பத்தடி தள்ளி நின்று விரிப்பை விறைப்பாக இழுக்க வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்க்க வேண்டும். தூரத்தில் நிற்கும்போது நாத்தனார் கேள்வியைக் கத்துவாள். கை கையைத் தொடுவதற்குள் சங்கு பதிலைக் கத்த வேண்டும். தப்பினால் விரிப்பை உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"வாட் இஸ் திஸ்?"

"திஸ் இஸ் எ பெட்ஷீட்!"

"ஃபோல்ட்னு சொல்லுங்க. போல்ட் இல்ல. கீழுதட்டைப் பல்லால கடிச்சு, காத்தை ஊதுங்க."

"சூட்டுல வெடிச்ச உதடு. இன்னும் என்னத்தக் கடிக்கிறது?"

ஆனாலும் கடித்தாள். இரண்டாம் மாதம் 'டுடே'யிலிருந்து 'யெஸ்டர்டே'வுக்குப் போனார்கள். ஒரு நாளைக்கு நூறு விரிப்பு மடித்தால் நூறு கேள்வி. சோப்புத் தூள் கொட்டுகிறவன்கூட எதிர்மூலையிலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

தேர்வு மாடியில், ஏசி அறையில் நடந்தது. கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். ஒல்லியான மனிதர், பஞ்சு மாதிரிக் குரல்.

"வாட் இஸ் யுவர் ஜாப்?"

"ஐ வாஷ் பெட்ஷீட்ஸ்!"

பேனா உருண்டு கீழே விழுந்தது. வராந்தாவில் நின்ற மேனேஜர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். தேர்வாளர் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஸாஃப்ட்லி, ப்ளீஸ்," என்றார்.

சங்கு குரலை இறக்கினாள். குரலோடு சேர்ந்து இங்கிலீஷும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. அடுத்த கேள்வி தெரிந்ததுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மடியில் கிடந்த இரண்டு கையும் பிடிக்க மூலை தேடித் துழாவின. அதற்கடுத்த கேள்வியும் போயிற்று. மார்க் தாள் தலைகீழாகத் தெரிந்தாலும் அவர் அதில் போட்டது இரண்டு பூஜ்யம் என்பது புரிந்தது. நாளைக்கும் அதே ஈர விரிப்பு. தோள் விண்விண் என்று தெறித்தது.

"சார், இதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் தமிழிலேயே. "இங்க வரமாட்டேங்குது."

"பின்னே எங்க வரும்?" அவரும் தமிழுக்கு இறங்கினார்.

"கீழ. மெக்கானிக்கோட நான் பேசப்போறதும் அங்கதானே சார்? ப்ளீஸ் கம்."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு மார்க் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கூடத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் அவர் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சங்கு அவர் கையிலிருந்த தாளை வாங்கி நாத்தனாரிடம் நீட்டிவிட்டு, ஒரு விரிப்பின் இரண்டு மூலையை அவர் கையில் திணித்தாள். நாத்தனாருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

தேர்வாளரின் உதடு அசைந்தது. இயந்திர இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை.

"லௌட்லி, சார்!" என்றாள் சங்கு.

அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே?"

"யெஸ்டர்டே ஐ வாஷ்ட் ஃபோர் ஹண்ட்ரட் பெட்ஷீட்ஸ்!"

மூலை சேர்ந்தது. அடுத்த விரிப்பு. "வேர் இஸ் த ஸ்டீம் வால்வ்?"

"இட் இஸ் பிஹைண்ட் யூ! டோன்ட் டச்! வெரி ஹாட்!"

ஒரு விரிப்பும் ஒரு பதிலும் தப்பவில்லை. மனிதர் உற்சாகமாகிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அந்த உற்சாகத்தில் ஏழாவது விரிப்பின் மூலையைக் கோட்டைவிட்டார். துவைத்த வெள்ளை விரிப்பு சோப்புத் தண்ணீர்த் தரையில் விழுந்தது.

சங்குக்குத் தேர்வு மறந்துபோயிற்று. "நோ, நோ! லுக் டவுன்! ஃப்ளோர் இஸ் டர்ட்டி! வாட் ஆர் யூ டூயிங்?"

"ஸாரி..."

"நோ ஸாரி! வாஷ் அகெய்ன்!" விரிப்பைப் பிடுங்கிச் சுருட்டி அழுக்கு வண்டியில் எறிந்தாள். அப்புறம்தான் யாரைத் திட்டினோம் என்று உறைத்தது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். சோப்புக்காரன் கொட்டுவதை நிறுத்திவிட்டான்.

தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "கடைசியாச் சொன்னது எந்தப் பாடத்துல இருக்கு?"

"எந்தப் பாடத்துலயும் இல்ல சார். கோபத்துல வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். தாளை வாங்கி, சுவரில் வைத்து ஏதோ கிறுக்கிவிட்டு வெளியே நடந்தார். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். தேர்வாளர் அவர் காதருகே போய், பழகிப்போன அதே குரலில் கத்தினார்:

"ஷீ பாஸ்ட்!"

மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். கூடம் முழுக்கக் கேட்டது.

நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஐயோ, தோளு, தோளு!" என்று அலறினாள் சங்கு.

"அது சரி அண்ணி, நீங்க லீடரானா என் விரிப்போட அந்தப் பக்கத்தை யார் பிடிக்கிறது?"

சங்கு முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "யூ வெயிட். டுமாரோ ஐ டெல்."

"ஆரம்பிச்சுட்டாங்க பாரு!" என்று நாத்தனார் அடுத்த விரிப்பை உதறி, இரண்டு மூலையை அவள் பக்கம் வீசினாள்.