ஏட்டையா வீட்டு மாடிச் சாரல்

குற்றாலத்தை ஒட்டிய எங்கள் இலஞ்சியில் சாரல் காலத்தில் யாரும் உப்பைக் கரண்டியால் எடுப்பதில்லை. டம்ளரால் மொண்டு ஊற்றுவோம். அப்பளம் சட்டியிலிருந்து இலைக்கு வருவதற்குள் நமுத்துவிடும் என்பதால், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தே சாப்பிடும் குடும்பங்கள் எங்கள் தெருவில் இரண்டு உண்டு. ஒரு ஆனியில் துவைத்துப் போட்ட என் வேட்டி ஆவணியில்தான் காய்ந்தது. இடையில் அதன் கரையோரம் முளைத்த காளானைப் பறித்துக் குழம்பு வைத்தோம். வேட்டிக் காளானுக்குப் புளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று இதையெல்லாம் நான் சொல்லிக்கொள்வதில்லை.

போன வருஷம் ஆனி பாதி கழிந்தும் சாரல் வரவில்லை. மலைமேல் துண்டு மேகம் இல்லை. உப்பு உப்பாகவே இருந்தது. ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம். சாரல் எங்கள் சொந்தத் தயாரிப்பு என்ற நினைப்பு எங்களுக்கு. ஜூன் பிறந்துவிட்டால், சாவுக்குக்கூட எட்டிப்பார்க்காத சொந்தமெல்லாம் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போன் போடும். நலம் விசாரிக்காது. “தண்ணி விழுதா?” என்று மட்டும் கேட்கும். பாறை காய்ந்து கிடந்தாலும் “சுமாரா விழுது” என்றுதான் சொல்வோம். விழவில்லை என்று சொல்வது, வீட்டில் அரிசி இல்லை என்று சொல்வதைவிடக் கேவலம்.

என் பக்கத்து வீட்டு சுந்தரபாண்டியனும் அப்படித்தான் சொல்லி மாட்டிக்கொண்டார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர் சொன்ன பொய்யைக் கேட்டு எழுதியவர். சொந்தமாகச் சொல்லிப் பழக்கம் போதாது. மகள் மஞ்சுவுக்குச் சாத்தூரில் ஒரு வரன் கூடி வந்தது. பையன் மணிகண்டபிரபுவின் வீட்டில் காலண்டர் அச்சடிக்கிறார்கள். முன்னந்தலையில் கொஞ்சம் வெட்டவெளி. மற்றபடி குறை சொல்ல முடியாத பிள்ளை. மஞ்சுவும் அவனும் ஒரு மாதமாகப் போனில் பேசி, முடிவெடுக்க வேண்டியதையெல்லாம் அவர்களே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பையனின் தாயார் சங்கரம்மாள் மட்டும்.

அந்த அம்மாளுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. இதற்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்து, பூ வைக்கப் போன இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். நல்ல தண்ணீர்க் கிணறு என்று சொல்லியிருந்தார்கள்; வாயில் வைத்தால் கரித்தது. வாசலில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கொண்டுபோன பூவோடு அடுத்த பஸ் ஏறிவிட்டார். தண்ணீரில் பொய் சொல்கிறவர்கள் பெண்ணின் வயசிலும் சொல்வார்கள் என்பது அவருடைய தீர்ப்பு.

இந்த வரலாறு தெரிந்த பிறகும், அவர் போனில் சாரல் எப்படி என்று கேட்டபோது சுந்தரபாண்டியனின் வாய் ஊர் வழக்கப்படிதான் திறந்தது. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மேலெல்லாம் நனைகிறது, மதினி, என்றார். நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் மதினி. சொன்னதோடு விட்டாரா? முந்தின வருஷத்து அருவி வீடியோ ஒன்றையும் அனுப்பிவைத்தார். சங்கரம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே வருகிறோம், அந்த மாடியில் வைத்தே பூ வைத்துவிடலாம் என்றுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சுந்தரபாண்டியன் என் வீட்டுக்கு வந்தார். முகம், கைதி தப்பிப்போன ஏட்டின் முகம். அருவிக்குக் கூட்டிப்போகச் சொன்னால் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். போலீஸ்காரர் சொன்னால் நம்புவார்கள். மாடியை என்ன செய்வது என்று கேட்டார்.

“அண்ணாச்சி, ஒங்க வீடுதான் எங்க வீட்டுக்கு மேக்க இருக்கு. காத்தும் அங்கன இருந்துதான் வருது. ஒங்ககிட்ட மருந்தடிக்கிற மிஷின் ஒண்ணு கெடக்குல்லா?”

கிடந்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஸ்பிரேயர், பதினாறு லிட்டர் பிடிக்கும். என் மாடி அவருடையதைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல். அதன் விளிம்பில் பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் பின்னால் நான் உட்கார்ந்தால் தெய்வத்துக்குக்கூடத் தெரியாது. அவர் ஒரு முறை இருமினால் சாரல் வரவேண்டும். இரண்டு முறை இருமினால் நிற்கவேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் என்பதால் ஒத்துக்கொண்டேன். என் வயசுக்கு யாரும் இதைவிட நல்ல வேலை கொடுப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த மிஷினில் நான் விஷமருந்து அடிப்பதே கிடையாது. கத்தரிச் செடிக்கு மீன் அமிலம் அடிப்பேன். மீன் கழிவையும் வெல்லத்தையும் வாளியில் போட்டு மூடி ஒரு மாதம் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. செடிக்கு அமிர்தம், மூக்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. மிஷினை இரண்டு முறை கழுவினேன். மூன்றாவது முறையும் கழுவியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. சங்கரம்மாள், பையன், பையனின் அப்பா. அப்பா இருந்தார், இருப்பதாக அவர் அவ்வளவாகக் காட்டிக்கொள்ளவில்லை. பூ, சங்கரம்மாளின் பைக்குள் ஈரத்துணியில் சுற்றி இருந்தது. பை அவர் மடியில் இருந்தது. கை பைமேல் இருந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. சுந்தரபாண்டியனின் மனைவி வள்ளித்தாய், புருஷன் உத்தரவுப்படி குளிருக்கான சமையல் செய்திருந்தார். ஆவி பறக்கும் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், முன்னதாகக் கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காபி. மாடியில் தகரக் கூரையின் கீழ் மூன்று பேரும் அதைக் குடித்து வியர்த்து வடிந்தார்கள். வள்ளித்தாய் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு சால்வையும் கொடுத்தார். அதற்கும் உத்தரவு.

சங்கரம்மாள் மலையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு சுந்தரபாண்டியனைப் பார்த்தார்.

“இந்த வெயிலு எங்க ஊர்லயே இருக்கே. நீங்க சொன்ன சாரலு எங்க?”

பை மூடும் சத்தம் எனக்கே கேட்டது. சுந்தரபாண்டியன் இருமினார்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து குழாயை மேலே தூக்கி விசையை அழுத்தினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வருண பகவான்கூட அவ்வளவு மெல்லிசாகத் தூவியதில்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்று பேர் முகத்திலும் பூவாகப் போட்டது. வெயிலில் ஒரு சின்ன வானவில்கூட விழுந்தது. அதற்கு நான் தனியாக ஏற்பாடு செய்யவில்லை. எங்கள் பக்கம் வெயிலடிக்கும்போதே சாரல் விழும், அதுதான் இதன் சிறப்பு என்று சுந்தரபாண்டியன் விளக்கிக்கொண்டிருந்தார். அது உண்மை. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை.

அடுத்த நிமிஷம் வாசனை போய்ச் சேர்ந்தது. பையனின் அப்பா மட்டும் மூக்கைத் துண்டால் துடைத்தார். சங்கரம்மாள் கையை முகர்ந்து பார்த்தார். ஏட்டையா கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல முழித்தார். முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ பேரை அந்த நிலையில் பார்த்திருப்பார்.

சங்கரம்மாள் அவரை விட்டுவிட்டு மஞ்சுவிடம் திரும்பினார்.

“நீ சொல்லு. என்ன வாசம் இது?”

“மூலிகை, அத்தை,” என்றாள் மஞ்சு. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “மலையில பட்டு வருதுல்லா.”

அந்தச் சொல்லுக்குத்தான் எவ்வளவு சக்தி. சங்கரம்மாள் சால்வையை எறிந்துவிட்டு எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, இரண்டு கையாலும் அந்தச் சாரலை வாங்கி முகத்திலும் முழங்காலிலும் தேய்த்தார். மகனையும் கூப்பிட்டுத் தலையைக் குனியச் சொல்லி முன்னந்தலையில் அழுத்தித் தேய்த்தார். நாலு மாதம் கழித்து அந்த இடத்தில் முடி வந்ததாகச் சாத்தூரிலிருந்து தகவல். கத்தரியே மூன்று வாரத்தில் பூக்கும்போது, இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சுந்தரபாண்டியன் இரண்டு முறை இருமினார். நிறுத்தினேன். சங்கரம்மாள் பையைத் திறந்து பூவை வெளியே எடுத்தார்.

அப்போதுதான் மலை இருண்டது. ஒரு மாதமாக வராத சனியன், அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து இறங்கி வந்தது. நிஜச் சாரல். என் கழுத்தில் முதல் துளி விழுந்ததும் கும்பிட்டேன். இனி என் வேலை முடிந்தது என்று குழாயைக் கீழே வைத்தேன்.

சங்கரம்மாள் பூவைப் பிடித்த கையோடு நின்றார். மற்றொரு கையை நீட்டி நனைத்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

“இதுல ஒண்ணுத்தையும் காணோமே. இது வெறும் தண்ணியால்ல இருக்கு.”

பூ மெதுவாகப் பையை நோக்கித் திரும்பியது. ஏட்டையா இருமினார். நான் கவனிக்கவில்லை, ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் இருமினார். நிறுத்தச் சொல்கிறாராக்கும், நாம்தான் நிறுத்திவிட்டோமே என்று இருந்தேன். பிறகு காசநோய்க்காரர் போல விடாமல் இரும ஆரம்பித்ததும்தான் எனக்கு விளங்கியது. குற்றாலத்துச் சாரல் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் நான் மீன் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

தெளித்தேன். மிச்சமிருந்த ஒன்பது லிட்டரையும், எலும்பு வரைக்கும் நனைந்துகொண்டே தெளித்தேன். மிஷினின் அடியில் தங்கியிருந்த மீன் சாறு கடைசியில்தான் வந்தது. வாசனை முந்தியதைவிட நயம். சங்கரம்மாள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

“ஆங். இப்பத்தான் சரியா வருது,” என்றார். பூவை மஞ்சுவின் தலையில் வைத்தார்.

கீழே பந்தி நடந்தது. நிஜக் குளிரில் உளுந்தஞ்சோறு அருமையாக இறங்கியிருக்கும். நானும் துண்டைப் பிழிந்து கட்டிக்கொண்டு, சம்பந்தியைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று என் வீட்டுப் படியில் கால் வைத்தேன். மஞ்சு ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே ஏறி வந்தாள். தட்டு நிறையச் சோறு, துவையல், நமுத்துப்போன அப்பளம் இரண்டு. என்னிடம் நீட்டிவிட்டு ஒரு படி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“பெரியப்பா, கோவிச்சுக்கிடாதீங்க. அவுக கார்ல ஏறுறவரைக்கும் கீழ எறங்கிராதீங்க. ஒங்க மேல மலை வாசம் அடிக்கி.”