தலைமாட்டுச் சட்டை

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஊசியைக் கையில் எடுத்த அன்று சுகப்பிரியா தன் சுடிதாரையும் போர்வையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். எழுந்தபோது போர்வையும் கூடவே எழுந்து வந்தது.

பாலிடெக்னிக் படித்த காலத்தில் அவள் கை இப்படி இல்லை. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து ஒட்டுப் போர்வை தைப்பது அவளுக்கு ஒரு பித்து. ஒரகடத்தில் வேலை கிடைத்து மண்ணூரில் அறை எடுத்ததும் பாதிப் போர்வை பெட்டிக்குள் போனது. நாளெல்லாம் வயர் சொருகிய விரல்களுக்கு ஊசி என்றாலே வெறுப்பு. இந்த ஆண்டு மழைக்குளிர் தொடங்கியதும் அறைத்தோழி சந்திரலேகாதான் அதை நினைவுபடுத்தினாள். முடித்தால் இரண்டு பேருக்கும் ஆகுமே என்றாள்.

ஆகும். ஏனென்றால் இரண்டு பேருக்கும் கட்டில் ஒன்றுதான். சந்திரலேகாவுக்கு வேறு கம்பெனியில் இரவு ஷிப்ட், பகலில் தூங்குவாள். சுகப்பிரியா இரவில் தூங்குவாள். அந்தக் கட்டிலுக்குத்தான் ஓய்வே கிடையாது. இஸ்திரிப் பெட்டி இல்லாத அறை என்பதால் துணியை மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பார்கள். தலைமாடு சந்திரலேகாவுக்கு, கால்மாடு சுகப்பிரியாவுக்கு. ஒரு வருடமாக இந்த எல்லையை யாரும் தாண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்திரலேகா குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் லைன் லீடராக அவளுக்கு முதல் ஷிப்ட். பழைய சட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கம்பெனி புதிதாக ஒரே ஒரு நீலச் சட்டை கொடுத்திருந்தது, அடுத்தது மறுவாரம்தான். அந்தச் சட்டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

கரண்ட் இல்லாத மூன்று மணிக்கு, மங்கலான அறையில், சுகப்பிரியா கால்மாட்டிலிருந்து நீலத்துணியை உருவினாள். வீட்டுக்கார ராஜம்மா தந்த பழைய திரைத்துணியை அங்கேதான் வைத்திருந்தாள். அட்டைச் சதுரத்தை மேலே வைத்து, பல மடிப்புகளைச் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுவது அவளுடைய பழைய வழக்கம். கத்தரி திணறியது. மூன்று வருடத்தில் மழுங்கிவிட்டது போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அழகாக நான்கு சதுரங்கள் வந்தன. நான்காவதில் பாக்கெட் இருந்தது.

மீதியை விரித்துப் பார்த்தாள். காலர், இரண்டு கைகள். முன்னால் இரண்டு ஜன்னல்கள், பின்னால் இரண்டு. கார் பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று பொத்தான்களை உள்ளே மறைத்துத் தைத்த சட்டை. அதனால்தான் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

அவள் அழுத சத்தம் கேட்டு ராஜம்மா ஓடிவந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா காலையில, நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப, கட்டில திருப்பிப் போட்டேன். தலைமாட்டுப் பக்கம் ஒழுகினு இருந்துச்சு. நீங்க நனையாம படுக்கணும்னு."

சந்திரலேகா நெற்றி நிறைய விபூதியோடு நாலு மணிக்கு வந்தாள். ஐந்தரைக்கு பஸ். சுகப்பிரியா எதையும் மறைக்கவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஜன்னல்கள் வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நான்தான் வெட்டிட்டேன்."

சந்திரலேகா ஒரு ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு பிரசாதப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அழுதா நூல் நனையும் ஏட்டி. ஊசிய எடு, நான் கோத்துத் தாரேன். வெட்டத் தெரிஞ்சவளுக்கு ஒட்டவா தெரியாது?"

மெத்தையின் மறுபக்கத்திலிருந்து திரைத்துணியை எடுத்து ஓட்டைகளுக்கு உள்ளே வைத்து, அதன்மேல் சதுரங்களைப் பதித்துத் தைத்தார்கள். முன்பக்கம் சுகப்பிரியா, பின்பக்கம் ராஜம்மா. கண்ணாடியைத் தேட நேரமில்லை என்று ராஜம்மா தடவித் தடவியே தைத்தார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இயேசப்பாவுக்கு ஒரு நன்றி சொன்னார். சுகப்பிரியாவின் விரல்களுக்கு மூன்று ஆண்டு மறதி அந்த ஒரு மணி நேரத்தில் விட்டுப்போனது. தையல் எறும்பு வரிசைபோல நேராக ஓடியது.

பஸ் ஹாரன் கேட்டபோது சட்டை முடிந்திருந்தது. போட்டுக்கொண்டு திரும்பிய சந்திரலேகாவின் முதுகில் பாக்கெட் இருந்தது. பிரிக்க நேரமில்லை.

"போகட்டும், பின்னாலயும் ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

அன்றிரவு சுகப்பிரியா தூங்கவில்லை. கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருந்தால்? லைனில் எல்லாரும் சிரித்து, முதல் நாளே மரியாதை போயிருந்தால்?

காலையில் சுகப்பிரியா காத்திருந்த பஸ் நிறுத்தத்தில் சந்திரலேகா இறங்கினாள். செக்யூரிட்டி சட்டையைச் சுற்றிவந்து பார்த்தாராம். கலர் சரி, கம்பெனி பெயர் சரி, பாக்கெட் எங்கே இருக்கவேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லையே என்று விட்டுவிட்டாராம். லைனில் பன்னிரண்டு பெண்களும் புது லீடர் எப்படித் திட்டப்போகிறாளோ என்று விறைத்து நின்றிருக்கிறார்கள். போர்டில் எழுத அவள் திரும்பியதும் ஒருத்தி சிரித்துவிட்டாள். சந்திரலேகாவும் கூடவே சிரித்து, நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு யாருக்கும் அவளிடம் பயமில்லை. சந்தேகங்களைத் தயங்காமல் கேட்டார்கள்.

"உள்ள என்ன கெடக்குன்னு பாரு. எனக்குக் கை எட்டல" என்று முதுகைக் காட்டினாள்.

சுகப்பிரியா கையை விட்டாள். யாரோ ஒரு பெண் போட்ட பால் மிட்டாய் ஒன்று இருந்தது. பாதியாகக் கடித்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

மறுவாரம் அடுத்த சட்டை வந்தது. ஒட்டுச் சட்டையைத் துவைத்து மடித்து, சந்திரலேகா தானாகவே கால்மாட்டில் வைத்தாள். சுகப்பிரியா அதன் முதுகை அப்படியே எடுத்துப் போர்வையின் நடுவில் பாக்கெட்டோடு தைத்து முடித்தாள். நல்லது செய்யப்போய் வந்த குழப்பத்தை நல்ல மனம்தான் தீர்த்துவைக்கிறது.

இப்போது கட்டிலைவிட்டு எழுகிறவள், படுக்க வருகிறவளுக்காக அந்தப் பாக்கெட்டில் ஒரு மிட்டாய் போட்டுவிட்டுப் போகிறாள். சில நாட்களில் இரண்டு இருக்கும். அன்று ராஜம்மா அறையைக் கூட்ட வந்திருப்பார்.