காய்ச்சலோடு ஓடிய ஓட்டம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் குதிரை. ஐம்பதை நெருங்கியும், விடியலில் ஊரை ஒரு சுற்று ஓடி வந்த பிறகுதான் பல் துலக்குவார். யாராவது மூச்சு வாங்க மாடியேறினால் போதும், "நாலு நாள் என்கூட ஓடி வாங்க, நெஞ்சு இரும்பாயிடும்" என்று பிடித்துக்கொள்வார். அவர் தலையைக் கண்டாலே பக்கத்துக் கடைக்காரர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

அந்த வருஷம் மாரத்தான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு கொதிக்குது. இந்தத் தடவை விட்டுடுங்க."

"ஓடினா வேர்த்துக் கொட்டிச் சரியாயிடும். மாத்திரையக் குடு."

அவரிடம் வாயைக் கொடுத்துப் பயனில்லை என்று தெரிந்து அவளும் கொடுத்துவிட்டாள்.

பந்தயத்தை முடித்துவிட்டார். பிறகு காய்ச்சல் போனது. மூச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. படுத்தால் நெஞ்சில் பாரம். வேலைக்கு உட்கார்ந்தால் இதயம் தாறுமாறாக அடித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை அவர். ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஓட்டத்து மேல தப்பு சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா உங்க இதயத்துக்கு அது நல்லதுதான் செஞ்சிருக்கு. ஆனா காய்ச்சல் கிருமி இதயத் தசையைப் புண்ணாக்கியிருந்த நேரத்துல போட்டு வதைச்சிருக்கீங்க. தழும்பு விழுந்துருச்சு."

"மறுபடி எப்ப ஓடலாம்?"

"மெதுவா நடங்க. ஓட்டத்தை மறந்துடுங்க."

பக்கத்தில் இருந்த மனைவி, 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளோ மருந்துப் பையை எடுத்துக்கொண்டாள்.

உடம்பு சற்றுத் தேறிய ஒரு காலையில் கேட்டார். "நடந்துட்டு வரலாம், வர்றியா?"

"கல்யாணமான புதுசுல நான்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நடக்கறதெல்லாம் கிழங்களுக்குன்னு சொன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது. நீங்க பாத்துப் போயிட்டு வாங்க."

தெருமுனை வரை நடந்து, மூச்சுக்காக நின்றவர் திரும்பிப் பார்த்தார். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். இப்படி எத்தனை காலை நின்றிருப்பாளோ. ஓடின காலத்தில் ஒருநாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.