பதினெட்டு சீட்டுக் கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஓடைமேட்டுப் புளியமரத்தடியில் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். எல்லோரும் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவர்கள். பஸ்ஸும் அங்கேதான் நின்றது. பஸ்ஸுக்குச் சொந்தக்காரரும் டிரைவருமான ஹயாத் பாஷா மட்கார்டில் சாய்ந்துகொண்டு பீடி குடித்தார். வண்டியை முடுக்கும் இரும்புக் கம்பியை அவர் கையில் எடுக்கவே இல்லை.

"இன்னா பாய், கிளப்பலாமா?" என்றான் ரத்தினசாமி.

"இன்னிக்கு ஓடாது."

"வண்டிக்கு இன்னா கோளாறு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. காயிதத்துக்குத்தான் கோளாறு."

மூன்று வருஷமாக அந்த பஸ் எந்தக் காகிதமும் இல்லாமல்தான் ஓடியது. இந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. பஸ் எந்த வழியில் போகும், எத்தனை மணிக்குப் போகும், எந்தெந்த நாள் போகும், எத்தனை பேர் உட்காரலாம் என்று வேலூர் ஆபீஸில் எழுதி வாங்கி வண்டிக்குள் ஒட்ட வேண்டும். எழுதினதற்கு மேல் ஒரு நாள் ஓட்டினாலும் பர்மிட் போகும். எழுதினதில் ஒரு நாள் ஓட்டாவிட்டாலும் போகும். குடியாத்தம் ரோட்டில் ஒருவனுக்கு அப்படிப் போய், அவன் வண்டிக்குள் இப்போது கோழி அடைகிறது.

அதற்கான மனுவை எழுதியவர் பள்ளிக்கூடத்துத் தானியேல் வாத்தியார். கீழே அறுபது பேர் கைநாட்டு வைத்தார்கள். வாரத்தில் ஆறு நாள் பஸ் வேண்டும் என்று மனுவில் தெளிவாக இருந்தது. எந்த ஆறு நாள் என்று இல்லை. எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆம்பூரில் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. முதலாளிகளும் முக்கால்வாசிக் கடைக்காரர்களும் தொழுகைக்குப் போகிற நாள். பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். கிழக்கே சூரியன் உதிக்கும் என்று யாராவது மனுவில் எழுதுவார்களா?

வேலூர் ஆபீஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அங்கே இருந்த குமாஸ்தா தன் லீவை எழுதிவிட்டார்.

"அப்ப வெள்ளிக்கிழமை?" என்றாள் சவுரியம்மாள்.

"வெள்ளிக்கிழமை ஓடியே ஆவணும். நான் ஜும்மாவுக்குப் போறதா, காலி வண்டிய ஓட்றதா? சீட்டுக்கு இவ்ளோன்னு வரி கட்றேன். ஞாயித்துக்கிழமை சீட்டு தூங்குது, வரி தூங்கல. பேஜார்."

டேனரிக்கு ஏழு மைல். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சவுரியம்மாளும் நடந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, புருஷன் செத்து நாலு வருஷம். டேனரியில் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. சுண்ணாம்புத் தொட்டி ஓரமாகவே போய் வந்து வலது குதிகால் வெந்து வெடித்திருந்தது. மூன்று மைல் தாண்டியதும் புண் வாய் திறந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. ஏழு மணிக்கே கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு இருட்டோடு கிளம்பியும் புண் காலால் அதேதான். உரலில் கூட இடிக்கும் மரியம்மாளைப் போல சனிக்கிழமையே போய் ஆம்பூரில் தங்கிவிடலாம் என்றால், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊற்ற வேறு ஆள் கிடையாது.

திங்கட்கிழமை மேஸ்திரி அப்துல் வஹீத் அவளைக் கேட்டருகே நிறுத்தினார். கெட்ட மனிதரில்லை. அதனாலேயே அவர் சொன்னது அதிகமாக உறைத்தது.

"சவுரிம்மா, உன்மேல எனக்கு இன்னா கோவம்? வெள்ளிக்கிழமை லீவுல நின்ன வேலையெல்லாம் ஞாயித்துக்கிழமைதான் தலைல விழுது. பட்டை அன்னிக்குத்தான் ஜாஸ்தி வேணும். ஒரலுக்கு ரெண்டு பேர். நீ வராட்டி மரியம்மா ஒத்தையா நிக்கிறா. ரெண்டு ஞாயிறு போச்சு. மூணாவதும் போச்சுன்னா பேரை எடுத்துடுவேன்."

"பஸ்ஸு இல்ல மேஸ்திரி."

"பஸ்ஸுக்கு நான் மேஸ்திரி இல்லியேம்மா."

புதன்கிழமை காலை பஸ் ஓட்டம் முடிந்ததும் அவள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஹயாத் பாஷாவோடு வேலூருக்குப் போனாள். சொந்தமாக பஸ் வைத்திருந்தவர் ரயிலில் போனார். அவர் பஸ் ஆம்பூரைத் தாண்டக் கூடாது.

ஆபீஸில் பதினொரு மணி வரை குமாஸ்தா வரவில்லை. வந்த பிறகு பேனாவைத் துடைத்தார். மசியை மாற்றினார். பிறகு ஹயாத் பாஷாவின் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஆறு நாள் கேட்டீங்க. ஆறு நாள் குடுத்தாச்சு. இன்னும் இன்னா?"

"இந்த ஆறு இல்ல ஐயா. வேற ஆறு" என்றார் ஹயாத் பாஷா.

"வேற ஆறா? வாரத்துக்கு எத்தினி நாள் வெச்சிருக்கீங்க உங்க ஊர்ல?"

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு சாமி. ஞாயித்துக்கிழமை வேலை" என்றாள் சவுரியம்மாள்.

குமாஸ்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"நீ கிறிஸ்துவச்சி தானே? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவாம உனக்கு இன்னா வேலை?"

"கோயில்ல கூலி குடுத்தா அங்கியே போவேன் சாமி."

"வாய் ஜாஸ்தி" என்றார் குமாஸ்தா. காகிதத்தை ஹயாத் பாஷா பக்கம் தள்ளினார். "கிழமைய மாத்தணும்னா புது மனு போடணும்."

"இதோ இவங்க மனு குடுக்கத்தான் வந்திருக்காங்க."

"பயணி மனு குடுக்க முடியாது. பர்மிட் யார் பேர்ல இருக்கோ அவர்தான் குடுக்கணும்."

"அப்ப நான் குடுக்கிறேன்."

"நீங்க குடுத்தா சொந்த லாபத்துக்குக் கேக்கறீங்கன்னு கமிட்டி தள்ளிடும். பயணிங்களுக்கு அவசியம்னு தெரியணும்."

"அதைத்தானே இந்தம்மா சொல்றாங்க."

"அவங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னேனே."

ஹயாத் பாஷா தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். சவுரியம்மாள் புண் காலைத் தூக்கி மற்றக் கால்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்ல அங்கே ஆளில்லை.

"சரி, ரெண்டு பேரும் குடுக்கறோம்" என்றார் ஹயாத் பாஷா. "எப்ப மாறும்?"

"வெளியில முப்பது நாள் ஒட்டி வெப்போம். ஆட்சேபணை வரலைன்னா கமிட்டிக்குப் போவும். கமிட்டி மூணு மாசத்துக்கு ஒரு தரம். போன வாரம்தான் கூடிச்சு."

"மூணு மாசம்" என்றாள் சவுரியம்மாள். "இந்த ஞாயித்துக்கிழமை என் பேரை எடுத்துடுவாங்க சாமி."

"அதுக்கு சட்டத்துல இடமில்லம்மா. கல்யாணம், கருமாதி, திருவிழான்னா நானே ஒரு நாள் ஸ்பெஷல் எழுதலாம். வேலைக்குப் போறதுக்கெல்லாம் ஸ்பெஷல் கிடையாது."

சொல்லிவிட்டு அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். ஹயாத் பாஷா நகரவில்லை.

"கல்யாணம்னா குடுப்பீங்களா?"

"குடுப்பேன். யாருக்கு?"

ஹயாத் பாஷா சவுரியம்மாளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாப்பிள்ளை ரத்தினசாமி. பொண்ணு அன்னம்மாள். ஆம்பூர்ல கல்யாணம்."

குமாஸ்தா எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும், ஊருக்குள் நுழையுமுன் போலீஸ் ஸ்டேஷனில் காட்டி முத்திரை வாங்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது ஹயாத் பாஷா மெதுவாகக் கேட்டார்.

"பொய் எழுத வெச்சிட்டியே சவுரிம்மா?"

"இன்னா பொய்? அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிதானே. எந்த வருஷம் கட்டினாங்கன்னு அவர் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை ரத்தினசாமி சாமந்தி மாலையோடு ஏறினான். மாலையைக் கட்டிக் கொடுத்தது அவன் பெண்டாட்டி அன்னம்மாள்தான். "மொத கல்யாணத்துல இதுகூட வாங்கல இந்த ஆளு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் கஞ்சிக் கலயத்தோடு ஏறினார்கள். வழக்கம்போல இருபத்து மூன்று பேர். ஆறு மணிக்குக் கிளம்பிய வண்டி ஆறரைக்கு ஆம்பூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது.

ஏட்டு பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"மாப்பிள்ளை யாரு?"

ரத்தினசாமி எழுந்து நின்றான்.

"வயசு?"

"நாப்பத்தெட்டுங்க."

"ரெண்டாம் தாரமா?"

"மொதத் தாரம்தாங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. குனிந்து, வரிசையாகத் தெரிந்த கால்களைப் பார்த்தார். எல்லா நகத்திலும் சுண்ணாம்பு வெளுப்பு இருந்தது. பஸ்ஸுக்குள் கல்யாண வாசனை எதுவும் வீசவில்லை.

"கல்யாணத்துக்குப் போறவன் கஞ்சிக் கலயத்தோட எதுக்குடா போறான்?"

"பொண்ணு வூட்ல சோறு கம்மிங்க" என்றான் ரத்தினசாமி.

ஏட்டு காகிதத்தை மடித்தார். "கல்யாணம் உங்க பாடு. காயிதம் சரியா இருக்கு." ஹயாத் பாஷாவின் முகம் தெளிந்தது. அப்போது ஏட்டு உள்ளே ஒட்டியிருந்த பர்மிட்டைப் பார்த்தார். தலைகளை எண்ணினார்.

"பதினெட்டு சீட்டு. இருபத்து மூணு பேர் இருக்கீங்க. அஞ்சு பேர் எறங்கு."

"ஏட்டய்யா, தெனம் இருபத்து மூணு பேர்தானே…" என்று ஆரம்பித்தார் ஹயாத் பாஷா.

"தெனமுமா? எழுதிக்கட்டுமா?"

ஹயாத் பாஷா ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற நாளில் இந்த ஸ்டேஷனில் பஸ் நிற்பதே கிடையாது. ஒழுங்காகக் காகிதம் வாங்கின அன்றைக்குத்தான் எண்ணினார்கள்.

டேனரி இன்னும் ஒன்றரை மைல். மணி ஆறு முப்பத்தைந்து. நாலு வாலிபர்கள் முணுமுணுத்துக்கொண்டே குதித்து, சொல்லாமலே ஓட ஆரம்பித்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பார்வைகள் சவுரியம்மாளிடம் வந்து நின்றன. அவள்தான் கடைசியாக ஏறியவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாக்காதீங்க" என்றாள் அவள். "நான் எறங்க மாட்டேன். கூலிய விட்டுட்டு வேலூருக்குப் போனது நான். பேர் போவப் போறதும் எனக்கு."

"யாரு சவுரிம்மா உன்னைச் சொன்னது?" என்று ரத்தினசாமி மாலையைக் கழற்றினான். "நான் எறங்கறேன். ஓடிடுவேன்."

ஏட்டு தடியால் படியைத் தட்டினார். "மாப்பிள்ளை எறங்கிட்டா ஸ்பெஷல் யாருக்கு? அப்புறம் மொத்த வண்டியும் இங்கியே நிக்கும். உக்காருடா."

ரத்தினசாமி மாலையை மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

மணி ஆறு நாற்பது. யாரும் அசையவில்லை. வண்டிக்குள்ளே ஒருவன் மற்றவனைத் திட்டினான். முன்பக்கம் இருந்து மரியம்மாள் எழுந்தாள். சவுரியம்மாளோடு ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிறவள். கொஞ்சம் பருத்த உடம்பு, ஓட்டம் வராது.

"நீ ஏண்டி எறங்கற?" என்றாள் சவுரியம்மாள்.

"எனக்கு இது மொத ஞாயிறுதானே. நீ என் எடத்துல குந்து. காலைக் கீழ வெக்காதே."

சவுரியம்மாள் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கண்ணாடி இல்லாத பின்ஜன்னல் வழியே பார்த்தாள். மரியம்மாள் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள், சிறிது நேரத்தில் தெரியவில்லை.

ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் கேட்டுக்குள் போனார்கள். ஓடிவந்த நாலு பேரும் நாக்குத் தள்ள உள்ளே வந்து விழுந்தார்கள். ஏழடித்ததும் கேட் சாத்தப்பட்டது.

அப்துல் வஹீத் பட்டைக் கொட்டகைக்கு வந்தார்.

"வந்துட்டியா. பேர் இருக்கு, போ." உரலைப் பார்த்தார். "மரியம்மா எங்க?"

"நடந்து வர்றா."

"கேட்டு சாத்தியாச்சே."

"எனக்குத் தெரியும் மேஸ்திரி."

"ஒரலுக்கு ரெண்டு பேர்னு எத்தினி வாட்டி சொல்றது உங்களுக்கு?" என்றார் அவர். அவர் குரலிலும் அலுப்புதான் இருந்தது. "ரெண்டு பேர் இடிக்கிற பட்டை எனக்குச் சாயங்காலம் வேணும்."

அவள் இடித்தாள். இரண்டு பேர் போட்டால் ஒருத்தி மூச்சு விடும்போது மற்றவள் உலக்கை விழும். ஒற்றையாகப் போட்டால் மூச்சுக்கு இடமில்லை. பட்டைத் தூள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் கஞ்சியைக் குடித்தது பாதி, இருமிக் கொட்டினது பாதி. சாயங்காலம் மேஸ்திரி பட்டையை அளந்து பார்த்தார். குறைவுதான். அவர் கணக்கில் எழுதிக்கொண்டு நகர்ந்தார், அதையும் அவள் திட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே வேலியோரமாக மரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருந்தாளாம். திரும்பி ஏழு மைல் நடப்பதற்குப் பதிலாகச் சாயங்காலம் வண்டியில் போகலாம் என்று.

"எத்தினி மணிக்கு வந்தே?" என்றாள் சவுரியம்மாள்.

"ஏழடிச்சு கொஞ்ச நேரம் இருக்கும். வாச்மேன் மூஞ்சியைப் பாத்துக்கினே நின்னேன். தொறக்கல."

சவுரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டிலும் உலக்கை கொப்புளம் கிளப்பியிருந்தது. மரியம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"ஒத்தையாவா இடிச்சே?"

"ம்."

"மூணு மாசம்னு சொன்னாரே பாய். பன்னண்டு ஞாயிறு. ஞாயித்துக்கு அஞ்சு பேர். இன்னும் ரெண்டு தரம் எறங்கினா என் பேரும் போயிடும்டி" என்றாள் மரியம்மாள்.

"நீ எறங்க வேணாம். மாப்பிள்ளைய அந்த ஆளு எறக்க வுடல, பாத்தே இல்ல?"

"அதுக்கு?"

"பொண்ணையும் எறக்க மாட்டான். அடுத்த வாரம் பொண்ணு ஊர்லேர்ந்து கெளம்பட்டும். நீதான் பொண்ணு."

மரியம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள். "எனக்கு நாப்பத்தஞ்சு ஆவுது."

"காயிதத்துல வயசுக்கு எடம் கெடையாது. நான் பாத்தேன்."

"நல்ல பொம்பளடி நீ. யாரோட கட்டி வெக்கப் போற? ரத்தினசாமின்னா அன்னம்மா வெளக்கமாத்த எடுப்பா."

"ரத்தினசாமி வேணாம். எம் புருஷன் பேரை எழுதிக்கலாம். அந்த ஆளு வந்து சண்டை போட மாட்டான்."

"மாப்பிள்ளையா யார் குந்தறது?"

"ஓட முடியாத எவனாவது குந்தட்டும்."

ஹயாத் பாஷா தூரத்திலிருந்து ஹாரன் அடித்தார். திரும்பும்போதும் பதினெட்டுதான், யார் யார் நடக்கிறார்கள் என்று அங்கே ஏற்கெனவே சத்தம் கேட்டது. மரியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சவுரியம்மாளுக்கும் கை கொடுத்தாள்.

"பாய்கிட்ட இப்பவே சொல்லு" என்றாள். "வேற எவளாவது முந்திக்கப் போறா."