தும்மல்காரியைக் காப்பாற்றியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலக்ட்ரீஷியன் அக்கா பழைய ரயில் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, தும்மல்காரியின் பக்கவாட்டில் சாக்பீஸால் பெரிய பெரிய சதுரங்கள் வரையப்பட்டிருந்தன. கோடு போட்டுக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன். இரும்பு வேலை கான்ட்ராக்டர்.

தும்மல்காரி ஒரு டீசல் எஞ்சின். அந்தப் பாதையில் நீராவி எஞ்சின்களை வீட்டுக்கு அனுப்பிய முதல் டீசல் அதுதான். ஸ்டார்ட் செய்தால் நாலைந்து தும்மல் போட்டுவிட்டுத்தான் உறுமும். மழையில் துருப்பிடித்துக் கிடந்ததை ரயில் மியூசியத்துக்கென்று மீட்டு, அக்காவும் சில மெக்கானிக்குகளும் லீவு நாளையெல்லாம் அதற்கே தாரை வார்த்து மறுபடி ஓட வைத்திருந்தார்கள்.

“அண்ணே, என்ன இது?”

“ஜன்னல்மா. உள்ளே காபி கடை வரப்போகுதாம். இருக்கறத எடுத்துட்டு கண்ணாடி போடணும். உனக்குச் சொல்லலையா?”

“இருக்கறதுன்னா?”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “எல்லாந்தான்.”

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக மியூசியம் நிர்வாகியின் அறைக்குப் போனாள். அவர் நாற்காலிக்குத் துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

“நாங்க காப்பாத்தத்தானே போறோம் மேடம். புது பெயிண்ட், ஏசி...”

“குடலை உருவிட்டு சட்டை மாட்டி விடறதுக்குப் பேரு காப்பாத்தறதா சார்? அந்த டீசல் நேரா சக்கரத்தச் சுத்தறதில்ல. ஜெனரேட்டரச் சுத்தும். அதுல வர்ற கரண்டுதான் அடியில இருக்கற மோட்டாருக்குப் போய் சக்கரத்த ஓட்டும். அதப் பார்க்கத்தானே ஜனங்க வரணும்?”

“ஜனங்க செல்ஃபி எடுக்க வருவாங்க. புகை, சத்தம், எண்ணெய் நாத்தம் இதெல்லாம் யாருக்கு வேணும்?”

“நாங்க ஓட வெச்சப்ப முன்வரிசையில நின்னு கை தட்டினீங்களே!”

“அப்ப காபி கடை யோசனை வரல” என்றார், கூச்சமே இல்லாமல்.

அக்கா திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றாள். “நீ வெட்டாதே.”

“நான் விட்டா வேற ஒருத்தன் வருவான். உள்ள இருக்கறதயும் துண்டு துண்டா வெட்டித்தான் எடுப்பான்.”

“அந்த வேற ஒருத்தன் எனக்கு அண்ணன் இல்லையே!”

அண்ணன் வெட்டினார். அக்கா அவரோடு பேச்சை நிறுத்தினாள். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டபோதும் போகவில்லை.

ஒரு நாள் அண்ணியே போன் செய்தாள். “உங்கண்ணன் பெரிய பாரத்த நம்ம இரும்பு யார்டு நடுவுல இறக்கி வெச்சுட்டு, உன்னக் கூப்பிட பயந்துகிட்டு உக்காந்திருக்காரு. வந்து திட்டிட்டாவது போ.”

அக்கா போய்ப் பார்த்தாள். தும்மல்காரியின் கூரையைத் திறந்து, கிரேனால் உள்ளிருந்த டீசலையும் ஜெனரேட்டரையும் ஒன்றாக, ஒரு கீறல் விழாமல் தூக்கி வந்திருந்தார் அண்ணன். ஷெட்டில் உதிரியாகக் கிடந்த ஒரு மோட்டாரும் அதன் சக்கரங்களும்கூட வந்திருந்தன. அப்புறப்படுத்து என்பதுதான் உத்தரவு. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் அண்ணனை ஆசை தீரத் திட்டினாள். பிறகு மெக்கானிக்குகளை வரவழைத்தாள்.

காபி கடைத் திறப்பு விழா அன்று, விருந்தினர் மைக்கைப் பிடித்து “நமது பாரம்பரியத்தை...” என்று ஆரம்பித்ததும், சாலைக்கு எதிர்ப்பக்கமிருந்த அண்ணனின் யார்டிலிருந்து தும்மல் கிளம்பியது. அடுத்து உறுமல். கூட்டம் ஒருவர் பின் ஒருவராகச் சாலையைத் தாண்டியது. கட்டைகள்மேல் தூக்கி வைத்திருந்த சக்கரங்கள் கரண்டு பாய்ந்து அந்தரத்தில் சுழல்வதை வாய் பிளந்து பார்த்தது.

நிர்வாகி ஓடி வந்தார். “நிறுத்துங்க! விழா நடக்குது!”

“நீங்க தூக்கிப் போட்ட குப்பைதான் சார். குப்பைன்னா நாறும், சத்தமும் போடும். பொறுத்துக்குங்க” என்றாள் அக்கா.

இன்றும் சாலைக்கு அந்தப் பக்கம் காபி விற்கும் கூடு, இந்தப் பக்கம் உயிர். கூட்டின் வாசலில் ‘பாதுகாக்கப்பட்ட டீசல் எஞ்சின்’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனோடு பேசுகிறாள், வேலையைப் பற்றி மட்டும்.

“என்னிக்காவது இத மறுபடி அதுக்குள்ள வைக்க விடுவாங்களாம்மா?” என்று அண்ணன் ஒருமுறை கேட்டார்.

“விட வைப்பேன்” என்றாள் அக்கா, ஸ்பேனரிலிருந்து கண்ணெடுக்காமல். “வெட்டினது நீ. ஒட்டப்போறதும் நீதான்.”